பங்குப் பள்ளிக்காக ஏலம்: முதல்முறை நடத்தும் குழுவுக்கு முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஒரு கத்தோலிக்கப் பங்கில், பள்ளிக்குப் பணம் திரட்டப் புதிதாக ஏலக்குழு கூடியதும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் "நான் ஒரு ஹேம்பர் (பரிசுக்கூடை) தருகிறேன்" என்பார். அடுத்தவர் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன மிதிவண்டியைத் தருவார். மூன்றாம் வாரம் பங்கு அலுவலகத்தின் மூலையில் பெட்டிகள் குவிந்திருக்கும். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பொருள் சேர்ப்பது இந்த வரிசையில் ஐந்தாவது வேலை. முன்னே இருக்கும் நான்கையும் முடிக்காமல் அதைத் தொட்டால், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் சங்கடம் வரும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள். ஏலத்தில் விலையை ஏற்றுபவர் இரண்டாவது ஆள். ஆயிரம் வெள்ளிப் பொருளை ஒருவர் மட்டும் கேட்டால் அது ஆரம்ப விலைக்கே போய்விடும். நாற்பது வெள்ளி சுகீ கேக்குக்கு இரண்டு குடும்பங்கள் மல்லுக்கு நின்றால் நூறைத் தாண்டும். கீழே வரும் முடிவுகளில் பாதி, இந்த இரண்டாவது ஆளை மண்டபத்துக்குள் கொண்டுவருவதற்கானவை.

அளவு தெரிவதற்காக, சுமார் 150 பேர், அதாவது 60 குடும்பங்கள் வரும் ஒரு சனிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்கிறோம். தயாரிப்புக்கு 16 வாரங்கள் வேண்டும்.

1. எதற்காக, யார் பெயரில் என்பதை எழுத்தில் முடியுங்கள்

"பள்ளி வளர்ச்சிக்காக" என்று எழுதாதீர்கள். "பாலர் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளுக்குக் குளிர்சாதனம்", "வசதி குறைந்த மாணவர்களுக்கு ஓராண்டுக் காலைச் சிற்றுண்டி" என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய நோக்கமாக இருக்கட்டும். மக்கள் தெளிவான தேவைக்குத்தான் கையை உயர்த்துவார்கள் என்பது ஒரு காரணம். சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே பணத்தைச் செலவிட வேண்டும் என்ற கடப்பாடு இன்னொரு காரணம். இலக்கைத் தாண்டிப் பணம் வந்தால் மிச்சம் எதற்குப் போகும் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் மிச்சத்தில்தான்.

அடுத்து, நடத்துவது யார்? பங்கு நடத்தும் பாலர் பள்ளியும் அரசாங்க உதவிபெறும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியும் ஒன்றல்ல. முதலாவதில் பங்குத்தந்தையும் பங்கின் நிதிக்குழுவும் முடிவெடுக்கலாம்; உயர்மறைமாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது என்னென்ன என்று நிதிக்குழுவிடம் கேளுங்கள். இரண்டாவதில் பள்ளி முதல்வரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பள்ளியின் பெயரையோ சின்னத்தையோ ஒரு துண்டுத்தாளில்கூடப் போடாதீர்கள். கல்வி அமைச்சின் விதிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஒரு பக்கக் கடிதம் போதும்: நோக்கம், இலக்குத் தொகை, நாள், நடத்தும் அமைப்பின் பெயர், பணம் சேரும் கணக்கு, பொறுப்பாளர் இருவர். பங்குத்தந்தை, பள்ளி முதல்வர், நிதிக்குழுத் தலைவர் மூவரும் கையெழுத்திடட்டும். "ஃபாதர் சரி என்று சொல்லிவிட்டார்" என்பது கையெழுத்தாகாது. அடுத்த ஆண்டே அவர் வேறு பங்குக்கு மாற்றலாகலாம்.

2. சட்டம் எங்கே குறுக்கே வரும்

உள்ளூர் அறப்பணிக்காக ஆலய மண்டபத்துக்குள் நிதி திரட்டுவதற்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவைப்படாது. அந்த நிம்மதியில் குழு செய்யும் கூடுதல் காரியங்களே அனுமதி வட்டத்துக்குள் இழுத்துவிடுகின்றன.

முதலாவது, "கொஞ்சத்தை ஊரில் உள்ள பள்ளிக்கும் அனுப்பலாமே" என்ற யோசனை. நம்மவர் கூட்டத்தில் இது எழாமல் இருக்காது. பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டுக்குப் போவதென்றால் அறநிறுவன ஆணையரிடம் அனுமதி பெற வேண்டும். அப்போதும் திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. முதலாண்டில் இந்த யோசனையை அன்போடு ஒதுக்கிவையுங்கள்.

இரண்டாவது, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை கடையாக ஏறிப் பொருள் கேட்பது. வீடு வீடாகவும் தெருவிலும் பொதுமக்களிடம் கேட்டுத் திரட்டுவதற்குத் தனிச் சட்டம் உண்டு. பணம் மட்டுமின்றிப் பொருளும் அதில் அடங்கும். பழக்கமான கடைக்காரருக்குக் கடிதம் அனுப்பி, நேரம் குறித்துச் சென்று பார்ப்பதுதான் பாதுகாப்பு. உண்டியல் ஏந்தித் தெருவில் நிற்பதாக இருந்தால் உரிமம் எடுத்த பிறகே நில்லுங்கள்.

மூன்றாவது, ஏலம் கூறுபவர். சிங்கப்பூரில் ஏலம் விடுவதற்கென்றே உரிமச் சட்டம் 1906 முதல் இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சிக்கு அது பொருந்துமா என்று இரண்டாம் வாரத்திலேயே எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் பதில் வருவதற்குள் ஏலமே முடிந்துவிடும்.

நான்காவது, குலுக்கல். இரண்டு வெள்ளிக்குச் சீட்டு விற்றுப் பரிசு குலுக்குவது 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் காரியம். ஏலத்தோடு அதைச் சேர்க்காதீர்கள். மது புட்டியும் அப்படித்தான்: மது விற்க உரிமம் வேண்டும், ஏலமும் விற்பனைதான். ஹேம்பருக்குள் ஒளிந்திருக்கும் ஒயின் புட்டியையும் எடுத்துக் கொடுத்தவரிடமே திருப்பித் தாருங்கள். பள்ளிக்கான நிகழ்ச்சியில் அது இல்லாமலிருப்பதே நல்லது.

கடைசியாகச் செலவு. அறநிறுவனங்கள் ஒரு நிதியாண்டில் நிதிதிரட்டச் செய்யும் செலவு, அதில் வந்த வரவில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இதை 30/70 விதி என்பார்கள். 15,000 வெள்ளி இலக்கென்றால் உச்சவரம்பு 4,500 வெள்ளி. உணவு தலைக்கு 18 வெள்ளி என்றால் 150 பேருக்கே 2,700 ஆகிவிடும். ஒலியமைப்பு, அச்சு, அலங்காரம் என்று சேர்த்தால் வரம்பு கண்ணில் படும் தூரத்துக்கு வந்துவிடும். ஆகவே உணவுச் செலவை நுழைவுச்சீட்டே ஈடுகட்டும்படி விலை வையுங்கள், அல்லது ஒரு குடும்பத்தை உணவுக்கு ஆதரவாளராக்குங்கள்.

3. பணம் போகும் பாதையைப் பொருளுக்கு முன்னால் போடுங்கள்

பணம் நடத்தும் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேரே போக வேண்டும். பொருளாளரின் கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் (உடனடி வங்கிப் பணமாற்றம்) வாங்குவதை ஒரு தடவைகூட அனுமதிக்காதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவரது சொந்தப் பணமும் பள்ளிப் பணமும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் அவராலேயே கணக்குக் காட்ட முடியாது.

அமைப்பின் யுஇஎன் எனப்படும் பதிவெண்ணுக்கான பேநவ் கியூஆர் குறியீட்டை வாங்கி, ஒரு வெள்ளி அனுப்பிச் சோதியுங்கள். சோதிக்க வேண்டியது பணம் போகிறதா என்பதை மட்டுமல்ல. குறிப்புப் பகுதியில் எழுதிய எண் உங்கள் வங்கிப் பட்டியலில் தெரிகிறதா என்பதையும்தான். அந்த இரவு 60 பேர் அரை மணி நேரத்தில் பணம் அனுப்பும்போது, யார் எது என்று பிரித்துக் காட்டப்போவது அந்தக் குறிப்பு மட்டுமே.

புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பங்கின் கணக்கைப் பார்க்கும் உரிமை அலுவலகச் செயலருக்கும் நிதிக்குழுவில் ஒருவருக்கும் மட்டும் இருக்கும். சனிக்கிழமை இரவு இருவரும் மண்டபத்தில் இருக்க மாட்டார்கள். பணம் வந்ததா என்று பார்க்க வழியில்லாமல், திரைப்பிடிப்பை நம்பிப் பொருளைக் கொடுப்பார்கள். அனுப்பத் தயாராக இருக்கும் திரையும் அனுப்பி முடித்த திரையும் ஒன்றுபோலவே இருக்கும். கணக்கைப் பார்க்க மட்டும் உரிமையுள்ள ஒருவர் அன்றிரவு காசாளர் மேசையில் உட்காருவதை இப்போதே உறுதிசெய்யுங்கள்.

ரொக்கமும் வரும். எண்ணுவது இருவர், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. எண்ணிய தாளில் இருவரும் கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, அன்றிரவே பங்கின் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

வரிக்கழிவு பற்றி ஒரு எச்சரிக்கை. ஐபிசி (அரசு அங்கீகரித்த பொதுநல அறநிறுவனம்) தகுதி உள்ள அமைப்பு மட்டுமே 250 விழுக்காட்டு வரிக்கழிவுக்கான ரசீது தர முடியும். அந்தத் தகுதி இருந்தாலும், ஏலம் எடுத்தவர் கைக்குப் பொருள் போகிறது. ஆகவே முழுத்தொகைக்கும் கழிவு உண்டு என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். எந்தப் பகுதிக்கு ரசீது தரலாம் என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விளக்கத்தைக் கேட்ட பிறகே அழைப்பிதழில் அச்சிடுங்கள். ஹேம்பர், சேலை போன்ற பொருள் தந்தவருக்கு இந்தக் கழிவு கிடையாது. அவருக்கு நன்றிக் கடிதம்தான்.

4. நாளும் ஆளும்

ஆண்டை விரித்துப் பார்த்தால் கழிக்க வேண்டியவையே அதிகம். தவக்காலத்தில் விருந்தோடு ஏலம் பொருந்தாது. ஜூனில் பள்ளி விடுமுறை, பாதிக் குடும்பங்கள் வெளிநாட்டில். ஜூலை வாக்கில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு, அதாவது முதல் வகுப்புச் சேர்க்கை, நடக்கும். பள்ளிக்குப் பணம் திரட்டும் வேளையில் அது வேண்டாத பேச்சைக் கிளப்பும். அதற்கடுத்துச் சீனர் ஆவிகளுக்குப் படையலிடும் ஏழாம் மாதம். உங்கள் கடைக்கார ஆதரவாளர்கள் அவர்களது சொந்த ஏல விருந்துகளில் இருப்பார்கள். பிறகு பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, தீபாவளி, ஆண்டிறுதி விடுமுறை. மிஞ்சுவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) பிந்திய வாரங்கள்: ஏப்ரல் கடைசி முதல் மே நடுவரை. அதில் அன்னையர் தினத்தையும் நீண்ட வாரயிறுதிகளையும் தவிர்த்து ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். மாலைத் திருப்பலி முடிந்ததும் மக்கள் ஏற்கெனவே ஆலய வளாகத்தில் இருப்பார்கள்.

அப்படியென்றால் தொடக்கம் ஜனவரி முதல் வாரம். சீனப் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரங்களில் எந்தக் கடையும் கடிதத்துக்குப் பதில் போடாது. அந்த இடைவெளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் சேர்ப்பு நான்காம் வாரம் தொடங்கிப் பதினோராம் வாரம் மூட வேண்டும். பதினான்காம் வாரம் பொருள் பட்டியல் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கணவனும் மனைவியும் வீட்டில் பேசி ஒரு விலையை முடிவுசெய்துகொண்டு வந்தால்தான் மண்டபத்தில் கை உயரும். அன்று வந்து முதன்முதலாகப் பொருளைப் பார்ப்பவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

தொண்டூழியர் 14 பேர் போதும். ஒருங்கிணைப்பாளர் ஒருவர், பொருள்களுக்கு மூவர், பணத்துக்கு மூவர், பதிவு மேசைக்கு இருவர், மண்டபத்துக்கும் உணவுக்கும் ஒருவர், ஏலம் கூறுபவர், கை உயர்வதைப் பார்த்துச் சொல்ல மூவர். ஒருங்கிணைப்பாளருக்கு அன்றிரவு எந்த வேலையும் ஒதுக்காதீர்கள். எதிர்பாராதது நடக்கும்போது ஓடுவதற்கு ஒருவர் கை காலியாக வேண்டும்.

5. இப்போது பொருள் சேருங்கள்

எண்ணிக்கையை முதலில் முடிவுசெய்யுங்கள். ஏலம் கேட்பது தலை அல்ல, குடும்பம். 60 குடும்பம் வந்தால் 60 ஏல எண்கள்தான். எழுத்து ஏலத்துக்கு, அதாவது தாளில் விலை எழுதும் மௌன ஏலத்துக்கு, 30 பொருள் போதும்; இரண்டு குடும்பத்துக்கு ஒன்று. வாய்மொழி ஏலத்துக்கு ஏழு, மிஞ்சினால் எட்டு. 90 பொருளைப் பரப்பினால் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு போட்டியே இல்லாமல் கலைந்துவிடுவார்கள். நிறையப் பொருள் வந்துவிட்டால் சின்னவற்றைச் சேர்த்து ஒரே கூடையாகக் கட்டுங்கள்.

ஒவ்வொரு பொருளும் வரும்போது குழு ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: இதை விரும்பும் இரண்டு குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரியுமா? ஒரு பெயர்கூட வராவிட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

இந்தச் சோதனையில் வெல்பவை பெரும்பாலும் கடையில் கிடைக்காதவை. ஞாயிறு காலை ஆலயத்தில் வண்டி நிறுத்தத் திணறாத குடும்பம் உண்டா? மூன்று மாதத்துக்கு ஒதுக்கிய ஒரு நிறுத்துமிடம், ஒரு காசு செலவில்லாமல் நல்ல விலைக்குப் போகும். ஒவ்வொரு வகுப்பும் சேர்ந்து வரைந்த ஓவியம், சட்டம் போட்டது, அந்த வகுப்பின் பெற்றோர் அனைவரையும் போட்டியாளர்களாக்கும். 25 பிள்ளைகளின் கைப்பட்ட படத்துக்கு 25 குடும்பங்கள் உண்டு. எட்டுப் பேருக்கு வீட்டுக்கே வந்து சமைத்துத் தரும் மீன்தலைக் கறி விருந்து, யுரேஷியக் குடும்பத்தின் டெவில் கறி, கிறிஸ்துமஸ் வாரத்தில் கைக்கு வந்துசேரும் கல்கல், அச்சுமுறுக்குத் தட்டு: இவற்றுக்கெல்லாம் ஆள் இருக்கிறது. சமைப்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: "ஆன்ட்டி, இரண்டு விருந்து சமைத்துத் தர முடியுமா?" முடியும் என்றால், முதலிடத்துக்கு வந்தவருக்கு ஒன்று, அதே விலைக்கு ஒப்புக்கொண்டால் இரண்டாமவருக்கு இன்னொன்று. ஒரே பொருள் இரட்டிப்பாகும்.

தோற்பவை: பயன்படுத்திய மின்பொருள், அளவு பார்த்து வாங்க வேண்டிய உடை, காலாவதி நெருங்கிய பற்றுச்சீட்டு, நன்கொடையாளர் தாமே வரைந்த பெரிய ஓவியம். கடைசியை மறுப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும். பயண நிறுவனம் "விற்றால் எங்களுக்கு இவ்வளவு, மிச்சம் உங்களுக்கு" என்று தரும் சுற்றுலாவையும் முதலாண்டில் எடுக்காதீர்கள். அவர்களுக்குத் தரும் தொகை உங்கள் செலவுக் கணக்கில் ஏறும்.

அறவே கூடாதவை மூன்று.

புனிதமானவை. புனிதர்களின் திருப்பண்டங்களை (உடல் எச்சம், அவர்கள் பயன்படுத்திய பொருள்) விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் எண் முழுமையாகத் தடுக்கிறது. திருப்பலிக் கருத்துக்காகத் தரும் காணிக்கையில் வணிகத்தின் சாயலே இருக்கக்கூடாது என்கிறது 947ஆம் எண். ஆகவே "கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் உங்கள் கருத்து" என்று ஏலம் விட முடியாது. செபமாலை, சொரூபம் போன்றவற்றை மந்திரிக்காமல் ஏலம் விட்டு, எடுத்தவர் பிறகு குருவிடம் மந்திரித்துக்கொள்ளட்டும்.

பள்ளிச் சேர்க்கை. தொடக்கநிலை ஒன்று பதிவின் 2பி கட்டத்தில், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயத்தின் பரிந்துரைக்கு இடமுண்டு. பெரிய தொகைக்கு ஏலம் எடுத்தால் பரிந்துரைக் கடிதம் எளிதாகக் கிடைக்கும் என்ற எண்ணம் ஒருவர் மனத்தில்கூட எழக்கூடாது. பட்டியலின் முதல் பக்கத்திலேயே, ஏலத்துக்கும் சேர்க்கைக்கும் தொடர்பில்லை என்று ஒரு வரி அச்சிடுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் ஏலக்குழுவில் இருக்க வேண்டாம்.

பள்ளிக்குள் சலுகை. ஆசிரியரிடம் தனிப்பாடம், கலைநிகழ்ச்சியில் முக்கிய வேடம், வகுப்புத் தலைவர் பதவி எதுவும் மேசைக்கு வரக்கூடாது. "ஒரு நாள் முதல்வர்" போன்ற விளையாட்டு, பள்ளி முதல்வர் விரும்பினால் மட்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படிவம்: கொடுத்தவர் பெயர், சந்தை விலை, காலாவதி நாள், பயன்படுத்த முடியாத நாள்கள், எங்கே பெற்றுக்கொள்வது. "விருந்து எட்டுப் பேருக்கு" என்றால் சிங்கப்பூருக்குள் எந்த வட்டாரத்துக்கும் வந்து சமைப்பாரா என்பதுவரை எழுதுங்கள். வாய்ப்பேச்சாக விட்டது ஒவ்வொன்றும் ஜூன் மாதம் தொலைபேசி அழைப்பாகத் திரும்பி வரும்.

6. விலையும் தாளும்

ஆரம்ப விலை சந்தை விலையில் 40 விழுக்காடு, ஏற்றம் 10 விழுக்காடு. 200 வெள்ளிப் பொருளுக்கு 80இல் தொடங்கி இருபது இருபதாக ஏற்றுங்கள். முழு விலையில் தொடங்கினால் முதல் கை உயராது. முதல் கை உயராத பொருளை இரண்டாமவர் தொடமாட்டார். ஓவியம் போலச் சந்தை விலை இல்லாதவற்றுக்கு 50 வெள்ளியில் தொடங்கலாம்.

கேட்புத் தாளில் விலைகளை முன்பே அச்சிடுங்கள்: 80, 100, 120 என்று வரிசையாக. கேட்பவர் தம் ஏல எண்ணை மட்டும் அந்த வரியில் எழுதுவார். வெற்றுத்தாள் வைத்தால் 80க்குப் பின் 81 எழுதுவார்கள். கையெழுத்துப் புரியாமல் 110ஆ 170ஆ என்று சண்டை வரும். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். பெரிய தொகைக்கு எதிரே அண்டைவீட்டாரின் பெயரைக் கண்டால் சிலர் மரியாதைக்காக விலகிவிடுவார்கள். எண் என்றால் துணிந்து ஏறுவார்கள்.

வாட்ஸ்அப்பில் கேட்கலாமே என்று இளைஞர் குழு சொல்லும். செய்தி வந்த வரிசை ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒன்றுபோலத் தெரியும் என்று நம்ப முடியாது. கடைசி நிமிடத்தில் கேட்டவர் யார் என்பதற்கு ஆதாரமும் இருக்காது. முதலாண்டுக்குத் தாளே போதும்.

7. அந்த மாலை

வரிசை இதுதான்: 6.45 பதிவு, 7.00 எழுத்து ஏலம் திறப்பு, 7.30 உணவு; 8.20 எழுத்து ஏலம் மூடல், 8.30 வாய்மொழி ஏலம், 9.30 பணம் செலுத்துதல்; 10.00 விளக்கணைப்பு.

எழுத்து ஏலத்தை வாய்மொழி ஏலத்துக்கு முன்பே மூடுவதற்கு இரண்டு காரணம். தாளில் தோற்றவர் கையில் பணம் மிச்சமிருப்பது தெரிந்து மேடையைப் பார்த்துத் திரும்புவார். அதோடு, மேடையில் ஏலம் நடக்கும் ஒரு மணி நேரத்தில் காசாளர் மேசை 30 தாள்களையும் எக்செல் பட்டியலில் ஏற்றிவிடும். இரண்டையும் ஒன்றாக முடித்தால் 150 பேரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், பிள்ளைகள் அழும், பாதிப்பேர் "நாளைக்குத் தருகிறேன்" என்று கிளம்பிவிடுவார்கள்.

மேசைகளை ஒட்டி வைக்காதீர்கள். தாளுக்குத் தாள் அரை மீட்டர் இடைவெளி விட்டு, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் எட்டு மணிக்குள் எல்லாப் பேனாவும் காணாமல் போயிருக்கும். உணவு மேசையை ஏல மேசைகளைத் தாண்டிய கோடியில் வையுங்கள். சோற்றுக்குப் போகிறவர் தாள்களைக் கடந்தே போக வேண்டும்.

ஏலம் கூறுபவர் அழகாகப் பேசுபவராக இருக்கத் தேவையில்லை. எண்ணில் தடுமாறாதவராக, கூட்டத்தில் பலரையும் முகம் தெரிந்தவராக இருந்தால் சரி. தமிழ், ஆங்கிலம், சீனம், தகலோக் பேசுபவர்கள் கலந்த கூட்டத்தில் தொகையை எப்போதும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" மட்டும் தமிழிலேயே இருக்கட்டும். இரண்டாவது பொருளுக்குள் எல்லாரும் சேர்ந்து கத்தத் தொடங்கிவிடுவார்கள். பொருளுக்கு நான்கு நிமிடத்துக்குமேல் இழுக்க வேண்டாம். சிறந்த இரண்டு பொருள்களை முதலாவதாகவோ கடைசியாகவோ வைக்காமல் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் விடுங்கள்: முதலில் கூட்டம் இன்னும் சூடாகியிருக்காது, கடைசியில் பிள்ளை தூங்கிவிட்டது என்று பலர் கிளம்பியிருப்பார்கள்.

ஐந்தாவது பொருளுக்குப் பின் நேரடி நன்கொடை அழைப்பு. பொருள் எதுவும் இல்லை. முதல் பகுதியில் எழுதிய அந்தத் தேவை மட்டும். 1,000 வெள்ளியில் தொடங்கி 500, 200, 100, 50 என்று இறங்குங்கள். ஏறக்கூடாது, இறங்க வேண்டும்: 50இல் தொடங்கினால் ஆயிரம் தரக்கூடியவரும் அதிலேயே கையை உயர்த்திக் கடமையை முடித்துக்கொள்வார். முதல் 1,000 வெள்ளிக்கு ஒருவரை முன்பே கேட்டு வையுங்கள். அந்த முதல் கை உயரும்வரை நிலவும் மௌனம் மிகக் கொடியது. 50 வரும்போது அவசரப்படாமல் ஒவ்வொரு எண்ணையும் வாசியுங்கள்; அங்கேதான் மண்டபமே எழுந்து நிற்கும்.

8. பணம் வாங்கிய பிறகே பொருள்

ஏழாம் மாத ஏல விருந்துகளில் எடுத்தவர் அடுத்த ஆண்டு வந்து பணம் கட்டுவது வழக்கம். அங்கே அந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறது. உங்கள் முதலாண்டு ஏலத்தில் வேண்டாம். அன்றிரவே பணம், பிறகு பொருள் என்று அழைப்பிதழிலும் பதிவு மேசையிலும் எழுதிவையுங்கள். ஒரு பெரியவருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தால் மற்றவரிடம் கேட்க வாய் வராது.

தினசரிப் பணமாற்ற வரம்பை முந்தின நாளே உயர்த்திக்கொள்ளச் சொல்லிக் குடும்பங்களுக்கு நினைவூட்டுங்கள். மேசையில் நின்று உயர்த்தினால் உடனே நடப்புக்கு வராமல் போகலாம்.

காசாளர் மேசையில் மூன்று இருக்கை: முதலாமவர் ஏல எண்ணைக் கேட்டு மொத்தத்தைச் சொல்வார், இரண்டாமவர் வங்கிக் கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்து ரசீதில் கையெழுத்திடுவார், மூன்றாமவர் ரசீதை வாங்கிக்கொண்டு பொருளைத் தருவார். மூன்று வேலையையும் ஒருவரே செய்தால் வேகம் கூடுவதுபோலத் தோன்றும், பிழையும் கூடும்.

அடையாள அட்டை எண்ணை எல்லாரிடமும் கேட்காதீர்கள். வரிக்கழிவு ரசீது பெறுபவரிடம் மட்டும் அது தேவை. மற்றவரிடம் வாங்கி வைப்பது தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகளுக்கு முரண்.

9. அடுத்த இரண்டு வாரம்

மறுநாள் ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் மொத்தத் தொகையைச் சொல்ல எல்லாரும் துடிப்பார்கள். வங்கிப் பட்டியலோடு சரிபார்க்காத தொகையைச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் கழித்துக் குறைந்த தொகையைச் சொல்ல நேர்ந்தால் அதற்கு எந்த விளக்கமும் எடுபடாது. மொத்த வரவு, செலவு, நிகரம் மூன்றையும் அடுத்த ஞாயிறு பங்கு அறிவிப்புத் தாளில் அச்சிடுங்கள்.

பொருள் தந்த ஒவ்வொருவருக்கும், அது என்ன விலைக்குப் போனது என்று எழுதி ஒரு கடிதம் அனுப்புங்கள். விருந்து, சேவை போன்றவற்றுக்குக் கொடுப்பவரையும் எடுத்தவரையும் அவர்கள் சம்மதத்தோடு நீங்களே சேர்த்துவைத்து நாள் குறிக்க வையுங்கள்; விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் இருவரும் மறந்துவிடுவார்கள். எடுக்கப்படாத பொருளை உரியவரிடம் கேட்டு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்குத் தரலாம். அடுத்த ஆண்டுக்கென்று அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

கணக்குப் பதிவேடுகளை நிதியாண்டு முடிந்து குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். கேட்புத் தாள்களையும் அவற்றோடு வையுங்கள். ஒவ்வொரு தாளிலும் கடைசிக்கு முந்தின வரியில் எழுதியிருக்கும் எண்களை, அதாவது அந்த இரண்டாவது ஆள்களை, தனியே எடுத்துப் பட்டியலிட்டு, எந்தப் பொருளுக்கு எந்த விலைவரை வந்தார்கள் என்று குறித்துவையுங்கள். அடுத்த ஜனவரியில் பொருள் குழு முதலில் கையில் எடுக்க வேண்டிய தாள் அது.